திங்கட்கிழமையைத் தின்ற ஆடு: மகனோடு புத்தகம் செய்த ஒன்பது மாதம்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில், கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி பிரிவில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க எழுத்தும் தாளும்தான். ஆனால் என் மகன் இரண்டாம் வகுப்பை முடித்தபோது, புத்தகம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். எழுத்துக்கூட்டி ஒரு வரி படிப்பான், இரண்டாவது வரிக்குள் தண்ணீர் தாகம் வந்துவிடும். புத்தகக் கண்காட்சியில் ஆசை ஆசையாக வாங்கிய 14 புத்தகங்களில் 12 புத்தகம் பிரிக்காமலே அலமாரியில் இருந்தன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மனது கனத்துப் போகும். போன ஏப்ரலில் தொடங்கி இந்த ஜனவரி வரை அவனோடு உட்கார்ந்து செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன். இதே கவலையில் இருக்கிற யாருக்காவது பயன்படட்டும்.

ஏப்ரல், மே

விடுமுறை விட்டதும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு 20 நிமிடம் நானே வாசித்துக் காட்டுவது என்று தொடங்கினேன். முதல் வாரமே தவறு செய்தேன். கதை முடிந்ததும், "சரி, இதுல இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று கேட்டேன். மறுநாளும் கேட்டேன். நான்காம் நாள், நான் புத்தகத்தை எடுக்கும் முன்பே தூக்கம் வருகிறது என்று படுத்துவிட்டான். கதை கேட்க வந்த பிள்ளையைப் பரீட்சையில் உட்கார வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அதே வீட்டில் என் அத்தை, அதாவது அவனுடைய அப்பத்தா, தினமும் கதை சொல்வார். அங்கே மட்டும் ஓடிப் போய் உட்காருவான். அத்தை ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அவர் எதிர்பார்ப்பது ஒரே ஒரு 'ம்'. "ம் கொட்டாட்டி கதை நின்னுபோகும் ராசா" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். நாலைந்து நாள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். 'ம்' இழுத்து வந்தால் பிள்ளைக்குச் சலிப்புத் தட்டுகிறது என்று புரிந்துகொண்டு, கதைக்குள் உடனே ஒரு பேயையோ கழுதையையோ கொண்டுவந்துவிடுவார். 'ம்ம்?' என்று மேலே ஏறினால் அங்கேயே நின்று, இன்னும் விரிவாகச் சொல்வார். கேட்பவன் சத்தத்தை வைத்தே கதையை நடத்துகிறார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இதை நான் கவனித்ததே இல்லை.

மே மாதத்தில் கேள்விகளை விட்டுவிட்டேன். வரிக்குக் கீழே விரலை மட்டும் ஓட்டிக்கொண்டே வாசித்தேன், அவன் 'ம்' கொட்டினான். ஒரே யானைக் கதையை 19 ராத்திரி கேட்டான். எனக்கு வாய் வலித்தாலும் மறுக்கவில்லை. பன்னிரண்டாவது ராத்திரி என்று நினைவு. பாதி வாக்கியத்தில் இருமல் வந்து நிறுத்தினேன். மீதிப் பாதியை அவன் சொன்னான், என் விரல் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே.

ஜூன்: ஆடு வந்தது

பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள், ஞாயிறு. எங்கள் வீட்டில் தினசரி காலண்டரில் தாள் கிழிப்பது அவன் வேலை. ராத்திரியே மறுநாளுக்காகக் கிழித்துவிட்டுத்தான் படுப்பான். அன்றைக்குக் கிழிக்க மாட்டேன் என்று நின்றான். "கிழிக்காட்டி திங்கக்கிழமை வராமப் போயிருமா?" என்றார் அத்தை. அவன் கொஞ்ச நேரம் காலண்டரையே பார்த்தான். அப்புறம் சொன்னான்:

"திங்கக்கிழமைய ஆடு தின்னுருச்சு அப்பத்தா. அது திங்கிற கிழமைதானே?"

அத்தை 'ம்' கொட்டினார். அவ்வளவுதான், கதை அவன் வாயிலிருந்து வரத் தொடங்கியது. செவ்வாயைத் தின்றதும் ஆட்டுக்கு வாய் சிவந்துபோனது. வெள்ளியைத் தின்றதும் பல் எல்லாம் வெள்ளியாக மின்னியது. சனியை மட்டும் தொட வேண்டாம் என்று அத்தை யோசனை சொல்ல, ஆடு சனியைத் தாண்டிக் குதித்தது. ஞாயிறு என்றால் சூரியன், ஆகவே நாக்குச் சுட்டுவிட்டது. கடைசியில் கிழமையே இல்லாததால் தீபாவளி வரவில்லை. ஆட்டின் பிறந்தநாளும் வரவில்லை. அழுதுகொண்டே இருமியது, எல்லாத் தாளும் வெளியே வந்து விழுந்தது. ஒவ்வொரு கிழமையின் பெயரையும் அந்தப் பிள்ளை பிரித்துப் பார்த்திருக்கிறான். ஒன்றும் வாசிக்காதவன் என்று நான் நினைத்திருந்தேனே, சொல்லின் ருசி அவனுக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருந்தது.

கையில் கிடைத்த புரூஃப் தாளின் பின்பக்கத்தில், அவன் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். பகலெல்லாம் பிழை திருத்துகிற கை, 'தின்னுருச்சு' என்பதை 'தின்றுவிட்டது' என்று மாற்றத் துடித்தது. மாற்றவில்லை. இதை ஒரு ஆசிரியரிடம் காட்டியபோது, கொச்சையாக எழுதிக் கொடுத்தால் பிள்ளைக்கு அதுவே பழகிவிடும் என்றார். அவர் கவலை நியாயமானது. ஆனால் முதல் புத்தகத்தில் பிள்ளை தன் குரலைத்தான் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதில் இப்போதும் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஜூன் கடைசி, ஜூலை: கட்டுமானம்

முதலில் செய்தது ஒற்றைத் தாள் புத்தகம். ஏ4 தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் கிடைக்கும். தாளைக் குறுக்கே பாதியாக மடித்து, மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து நடு வரைக்கும் மட்டும் வெட்ட வேண்டும். பிறகு நீளவாக்கில் மடித்து இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால், நடுவில் சதுரமாகத் திறந்து எட்டுப் பக்கப் புத்தகமாக மடங்கிக்கொள்ளும். தையல் வேண்டாம், பசை வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவும் தம்பியும் இதைப் பார்த்துவிட்டு ஒரே சாயங்காலத்தில் ஆளுக்கு மூன்று செய்தார்கள். அன்றிலிருந்து அவர்களும் எங்கள் கூட்டணி.

ஆட்டுக்கு எட்டுப் பக்கம் போதவில்லை. 16 வேண்டும் என்றான். அச்சகத்தில் 16 பக்கம் சேர்ந்த தொகுப்பை ஒரு பாரம் என்போம். நான்கு தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, பக்க எண் போட்டு, ஒரு டம்மி (வெற்று மாதிரிப் புத்தகம்) செய்து அவன் கையில் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தவன் குழம்பிப் போனான். முதல் பக்கத்துக்குப் பக்கத்தில் 16 இருக்கிறது, இரண்டுக்குப் பக்கத்தில் 15. "கூட்டிப் பாரு" என்றேன். எல்லாம் 17. ஒவ்வொரு தாளாகத் திருப்பித் திருப்பிக் கூட்டினான். எங்கள் தொழிலின் இந்தச் சின்ன ரகசியத்தை அவன் விரலால் எண்ணிக் கண்டுபிடித்ததைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

தாளில் நிறைய கற்றுக்கொண்டோம். அச்சகத்தில் மிஞ்சிய கட்டிங் தாளை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தேன். பளபளப்பாக இருக்கிறதே என்று முதலில் ஆர்ட் பேப்பரை எடுத்தான். அதன் மேல் பூச்சு இருப்பதால் தண்ணீர் வண்ணம் பிடிக்காமல் திட்டுத் திட்டாக வழிந்தது. பூச்சில்லாத மேப்லித்தோ தாள் வண்ணத்தை உறிஞ்சிக்கொள்கிறது. தாளுக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு. மடிக்காமல் லேசாக வளைத்துப் பார்த்தால், எளிதாக வளையும்போது வளைவின் கோடு எந்தத் திசையில் ஓடுகிறதோ அதுவே நார்த்திசை. புத்தகத்தின் முதுகு அந்தத் திசையில் வர வேண்டும். இதைப் பார்க்காமல் ஒட்டிய முதல் அட்டை மறுநாள் அப்பளம் மாதிரி வளைந்து நின்றது.

தைப்பதற்கு முதுகு மடிப்பில் மூன்று துளை. உள்ளேயிருந்து நடுத்துளை வழியாக வெளியே போய், மேல் துளையில் உள்ளே வந்து, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியேறி, மறுபடி நடுத்துளையில் உள்ளே வந்து, நீள ஓடும் நூலை நடுவில் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். தையல் நூலை ஒற்றையாகப் போட்டால் தாளை அறுத்துவிடுகிறது. நான்கு புரியாக முறுக்கி, மெழுகுவர்த்தியில் இரண்டு முறை இழுத்துக்கொண்டால் நன்றாக நிற்கிறது. துளை போடுவது நான், நூல் கோப்பது அவன்.

அட்டைக்குப் பழைய தினசரி காலண்டர் அட்டையைவிட நல்லது கிடைக்காது. ஆனால் அத்தை விடவில்லை. "முருகன் முகத்துல கத்தி வைக்காதீங்க" என்றார். அவர் சொல்வது எனக்கும் சரியாகவே பட்டது. ஈரத்துணி போட்டு ஊறவைத்து, படத்தைக் கிழியாமல் உரித்து அவரிடம் கொடுத்தோம். அது இப்போது பூஜை அலமாரியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. பசை, மைதா காய்ச்சியது. ஒரு கரண்டி மைதாவைக் கட்டியில்லாமல் ஆறு கரண்டி தண்ணீரில் கரைத்து, கண்ணாடி மாதிரி வரும்வரை சிறுதீயில் கிண்டினால் போதும். பைண்டிங்கில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கை வைக்கிற பசையில் கூடவே கூடாது. ஆகவே கொஞ்சமாகக் காய்ச்சி அன்றைக்கே தீர்த்துவிடுகிறோம்.

வண்ணம் எல்லாம் அடுப்பங்கரையிலிருந்தே எடுத்தோம். ஆட்டின் உடம்புக்குத் தேயிலை டிக்காஷன். ஞாயிற்றுக்கு மஞ்சள். ராத்திரி வானத்துக்கு வேலியில் பூத்த சங்குப்பூவைக் கொஞ்சம் வெந்நீரில் ஊறவைத்தோம், அருமையான நீலம். அதில் ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டதும் ஊதாவாக மாறியதைப் பார்த்து மூன்று பிள்ளைகளும் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும். செவ்வாயைத் தின்ற வாய்க்குச் சிவப்பு வேண்டும். அத்தை வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்து மஞ்சள் தண்ணீரில் கலந்தார். ஆரத்திச் சிவப்பு! (சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, அதனால் கலக்கும் வேலை பெரியவர்களுடையது.) காய்ந்த பிறகு அது செங்கல் நிறத்துக்கு இறங்கியது. அவன் படத்தையும் அத்தை வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பத்தா, ஆடு உங்க மாதிரியே வெத்தலை போட்டிருக்கு" என்றான். அந்தப் பக்கத்தை அத்தை எத்தனை பேரிடம் காட்டினார் என்று கணக்கே இல்லை.

மஞ்சள் மட்டும் ஏமாற்றிவிட்டது. ஜன்னலோரம் வைத்த பக்கத்தில் இரண்டே வாரத்தில் சூரியன் வெளுத்துப்போனான். மஞ்சளுக்கு வெயில் ஆகாது. அடுத்த புத்தகங்களில் மஞ்சளுக்குக் கடை வண்ணம் வாங்கிக்கொண்டோம்.

ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை

ஆடிப்பெருக்கு அன்று புது வருட காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பங்கள் வெளியாகிவிட்டால் எங்கள் ஊரில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. நான் வீடு திரும்ப ஒன்பது, பத்து மணி. நான்கு மாதத்தில் ஒரு புத்தகம்கூட அவனோடு சேர்ந்து தைக்கவில்லை.

ஆனால் அத்தை சொல்லித்தான் தெரிந்தது. தினமும் சாயங்காலம் அவன் ஆட்டுப் புத்தகத்தை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். முதலில் மனப்பாடமாகத்தான் சொல்லியிருப்பான். சொல் வாயில் முன்பே இருக்கிறது, கண் அதைத் தாளில் தேடிப் பிடிக்கிறது. அத்தை மூன்றாம் வகுப்போடு நின்றவர். நடுவே ஒரு பக்கத்தைத் தவறவிட்டால், "ஆடு வெள்ளியத் தின்னலையே?" என்பாராம். அவன் திருப்பிப் போய்ப் பார்த்து வாசிப்பானாம். தீபாவளி சமயத்தில் ஒரு நாள், மளிகை சுற்றி வந்த தாளில் 'வெள்ளி விலை' என்று இருந்ததைக் காட்டி, "அம்மா, ஆட்டோட பல்லு" என்றான். எழுத்துக்கூட்டவில்லை. பார்த்ததும் சொன்னான்.

டிசம்பர், ஜனவரி

வேலை ஓய்ந்து, வீட்டு வரி கட்டிய ரசீதை எடுத்து வைக்கும்போது நூலக வரி என்ற வரியில் கண் நின்றது. 1948-இல் இயற்றிய சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டத்தின்படி மக்கள் கட்டுகிற வரி அது. அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். நூலகங்களுக்காக அவர் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது. என் அலமாரியில் இருந்த 14 புத்தகமும் நானாகத் தேர்ந்தெடுத்தவை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. வரி கட்டிவிட்டு நூலகத்துக்குள் போகாமல் இருந்திருக்கிறோமே என்று, அந்தச் சனிக்கிழமையே மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. அரை மணி நேரம் தேடி, அட்டையில் ஆடு போட்ட புத்தகம் ஒன்றை அவனே எடுத்தான். வீட்டுக்கு வரும் வழியில் 'தின்றது' என்ற சொல்லில் நின்று, "தின்னுருச்சுன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். மேலே போய்விட்டான். இப்போது வாரம் இரண்டு புத்தகம் மாற்றுகிறான். நீளமான பத்தி வந்தால் இன்னும் திணறுகிறான், அந்தப் பக்கங்களை நான் வாசிக்கிறேன்.

இதுவரை தைத்து முடித்தது ஒன்பது. நான்கு அவனுடையது, நான்கு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுடையது, ஒன்று அத்தை சொன்ன கழுதைக் கதை. அதற்கு எழுத்தும் படமும் அவனே. பத்தாவது, ஆட்டின் இரண்டாம் பாகம். இந்த முறை அது மாதங்களைத் தின்கிறது. ஆடி மாதத்தைத் தின்றதும் ஆடிக்கொண்டே இருக்கிறதாம், நிற்கவே முடியவில்லையாம். மாசி மாதத்துக்கு என்ன செய்வது என்று அவனுக்கும் அத்தைக்கும் இரண்டு நாளாகப் பேச்சு. கதை முடியாவிட்டாலும் அட்டை தயாராக வேண்டும் என்று இன்றைக்கு ஒட்டிவிட்டோம். அம்மிக்கல்லுக்கு அடியில் இருக்கிறது. காலை வரை கல்லைத் தூக்கக் கூடாது. அவன் படுக்கப் போவதற்குள் இரண்டு முறை வந்து, கல்லின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போனான்.