மூன்று ஏக்கர் கருவேலங்காடு

மதுரையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு "எங்களுக்கும் ஊரில் நிலம் இருக்கு" என்று சொல்கிற ஆட்களில் நானும் ஒருவன். சாயல்குடிக்கு இந்தப் பக்கம், கடலிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில், மூன்று ஏக்கர் புஞ்சை. அப்பா இருந்தவரை மிளகாய் போட்டார். அவருக்குப் பிறகு ஐந்து வருடமாக யாரும் எட்டிப் பார்க்கவில்லை. போன மாதம் போய் நின்றால் வரப்பு எது, வயல் எது என்றே தெரியாமல் சீமைக் கருவேலம் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது, நாலு எட்டு வைப்பதற்குள் முள் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறிவிட்டது.

"கரிமூட்டத்துக்கு வெட்டக் கொடுத்துருவோம்டா" என்றார் சித்தப்பா. எனக்குச் சுருக்கென்று கோபம். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொன்னபோது அதை ஆதரித்து வாட்ஸப்பில் பொங்கியவன் நான், அடியோடு பிடுங்குவதை விட்டுவிட்டு அதை வைத்துப் பிழைக்கச் சொல்கிறாரே என்று. அவர் ஒன்றும் பேசாமல் பக்கத்துக் காட்டில் எரிந்துகொண்டிருந்த கரிமூட்டத்துக்குக் கூட்டிப் போனார். விறகை நெருக்கி அடுக்கி, தழை போட்டு, மேலே மண்ணால் மூடியிருந்தார்கள். வெள்ளைப் புகை கெட்டியாக வந்தால் இன்னும் வேகிறது என்று அர்த்தம், நீலமாக மெலிந்தால் கரி ஆகிவிட்டது. மண் எங்காவது விரிந்து காற்று உள்ளே போனால் அத்தனையும் சாம்பல், அதனால் ராத்திரியும் ஒருத்தர் முழித்திருக்க வேண்டும். அன்றைக்கு முழித்திருந்தது அப்பாவிடம் மிளகாய் பறிக்க வந்த அக்காதான், எனக்கு என்ன பேசுவதென்றே தெரியவில்லை.

மிளகாய் லேசுப்பட்ட வேலை இல்லை. அப்பா நாற்று விடமாட்டார், புரட்டாசியில் விதையை மணலோடு கலந்து தூவிவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். ஐப்பசி மழை ஏமாற்றினால் செடி கருகும், கூடுதலாகப் பெய்து தண்ணீர் கட்டினாலோ வேர் அழுகும். போர் போடலாமே என்று மதுரையிலிருந்து யோசனை சொல்வது சுலபம். எங்கள் பக்கம் போரில் வருவது உப்புத் தண்ணீர். வைகையும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு சரி, எங்கள் ஊருக்கு வராது. ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நம்ம மதுரை மல்லிக்கு 2013இல் கிடைத்த அதே குறியீடுதான். சந்தோஷம்தான், ஆனால் அதை வைத்து ஒரு தண்ணி பாய்ச்ச முடியாதே!

கருவேலத்துக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. ஆடு நெற்றைத் தின்று புழுக்கை போட்ட இடமெல்லாம் முளைக்கும், வெட்டினால் தூரிலிருந்து நாலாகத் துளிர்க்கும். நிலத்தைச் சும்மா போட்டது நாம், அப்புறம் மரத்தைத் திட்டி என்ன செய்ய?

கடைசியில் ஒரு ஏக்கரை மட்டும் ஜேசிபி விட்டுத் தூரோடு எடுப்பது, மீதி இரண்டும் மூட்டத்துக்கு என்று முடிவானது. ஜேசிபிக்காரர் மணிக்கணக்கில் காசு கேட்கிறார், விறகு விற்ற காசு அதற்கே சரியாகப் போகும் போல. கிளம்பும்போது சித்தப்பா ஒரு மஞ்சள் பை நிறைய வற்றல் கொடுத்தார். மாட்டுத்தாவணி வந்து சேரும்வரை பஸ் குலுங்கும்போதெல்லாம் மடியில் விதை கலகலவென்று சத்தம். விதைக்கு என்று இரண்டு கைப்பிடி தனியாக எடுத்து வைக்கச் சொல்லி வீட்டில் சொன்னேன். "யார் விதைக்கப் போறது, நீங்களா?" என்று கேட்டுக்கொண்டே எடுத்து வைத்திருக்கிறாள்.