ஊடகப் படிப்பு: அக்கா மகளுக்குச் சொன்னவை

மே 16, மன்னார்குடி
பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து அக்கா மகள் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்)தான் படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். "கேமரா பிடிக்க மூன்று வருடமா?" என்று கேட்கும் அத்தானின் கவலையை என்னால் ஒதுக்க முடியவில்லை. காட்சித் தொடர்பியலில் ஒளிப்படம், வரைகலை, விளம்பரம், படத்தொகுப்பு ஆகியவை மேலோங்கும்; இதழியலில் செய்தி சேகரிப்பும் எழுத்தும் ஊடகச் சட்டமும் முதலிடம் பெறும். இரண்டும் ஒன்றென்று நினைத்துச் சேர்ந்து இரண்டாம் ஆண்டில் வருந்தியவர்கள் என்னுடன் படித்தவர்களிலேயே உண்டு.

மே 19
ஒரு கல்லூரிக்குச் சென்றோம். கையேட்டின் அட்டையில் இருந்த ஸ்டுடியோ பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று சொல்ல ஆளில்லை. போன பருவத்தில் எத்தனை முறை கேமராவைத் தொட்டீர்கள், மாணவர்களே பயிற்சிக்காக நடத்தும் லேப் ஜர்னல் எத்தனை இதழ் வந்தது என்று அங்கே படிக்கும் மாணவர்களிடம் கேட்கச் சொன்னேன். இளங்கலையில் வேறு பாடம் படித்தாலும் கதவு மூடிவிடாது. முதுகலை இதழியலில் எந்தப் பட்டதாரியையும் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் பல உண்டு.

மே 24
"கோட்பாடு எதுக்கு சித்தி?" என்றாள். ஊடக ஆய்வாளர்களான மெக்கோம்ப்ஸும் ஷாவும் 1968 அமெரிக்கத் தேர்தலின்போது ஆராய்ந்து 1972இல் வெளியிட்ட கருத்தைச் சொன்னேன்: ஊடகங்கள் எதற்கு அழுத்தம் தருகின்றனவோ, அதையே மக்களும் முக்கியம் என்று கருதத் தொடங்குகிறார்கள். முழு நீர்மட்டம் 120 அடி கொண்ட மேட்டூர் அணையில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்பது நாள்தோறும் நாளிதழில் வருகிறது. அதனால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது தெரியும். கடைமடை வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது எட்டியது என்பது அவ்வாறு வருவதில்லை. ஒரு மாதத்து நாளிதழ்களை எடுத்து அணை எத்தனை முறை, கடைமடை எத்தனை முறை என்று எண்ணிப் பார்த்தால், அதுவே உள்ளடக்கப் பகுப்பாய்வின் முதல் பாடம். கோட்பாட்டை மனப்பாடம் செய்யாமல் இப்படிக் கையில் எடுத்துப் பழகுபவருக்கே அது பயன்படும்.

ஜூன் 17
மேட்டூர் அணை திறந்த செய்தியை எழுதிக் காட்டினாள். 'விவசாயிகள் மகிழ்ச்சி' என்று தொடங்கியிருந்ததை அடித்துவிட்டு, யாரைக் கேட்டாய் என்றேன். மறுபேச்சின்றி நோட்டை எடுத்துக்கொண்டு கடைமடைப் பகுதியான தலைஞாயிறுக்குப் பஸ் ஏறினாள். கல்லணைக்கு வந்த தண்ணீர் அந்தப் பக்கம் இன்னும் எட்டவில்லை. இரவு அவள் திருத்தி எழுதியதில் நால்வர் சொன்னது இருந்தது; அவர்களில் இருவர் நடவு வேலைக்குக் காத்திருக்கும் பெண்கள். விண்ணப்பத்தில் பாடத்தின் பெயரை அவள் இன்னும் நிரப்பவில்லை.