மாவுக்கட்டைக் கொண்டாடுகிறவர்களுக்கு

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே உள்ள எங்கள் மீனவக் குடியிருப்பில், எட்டு மாதங்களுக்கு முன், நாட்டுப்படகின் வலையை விசைப்படகு அறுத்துக்கொண்டு போனதால் எழுந்த தகராறில் பக்கத்து வீட்டுப் பையனைக் காவலர்கள் பிடித்துப் போனார்கள். மறுநாள் காலை அவனை மருத்துவமனைக்குக் கொண்டு வந்தபோது அவன் தாயுடன் நானும் நின்றிருந்தேன். உள்ளங்கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையாததால் வெறுங்காலோடு நடந்து வந்தான். இரு புறமும் காவலர்கள் நிற்க, மருத்துவர் இருக்கையை விட்டு எழாமலே, "காயம் ஏதும் இருக்கா?" என்று கேட்டார். அவன் காவலர்களைப் பார்த்துவிட்டு, "இல்லைங்க சார்" என்றான். சீட்டில் அதுவே எழுதப்பட்டது. பிணையில் வந்த பிறகு பத்து நாட்கள் அவன் தாய் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தார்.

காவல்துறை பிடித்த ஒருவர் கையில் மாவுக்கட்டுடன் நிற்கும் படமும், கழிவறையில் வழுக்கி விழுந்தார் என்ற செய்தியும் கைபேசிக்கு வரும்போது, கைதட்டும் குறிகளை இட்டுப் பகிர்கிறவர்களில் என் உறவினர்களும் உண்டு. அந்தக் கைதட்டல் எங்கள் பையனின் உள்ளங்கால் வரை வந்து சேர்ந்திருக்கிறது என்பதை அவர்களிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன்.

காவலர்கள் பலப்பிரயோகமே செய்யக் கூடாது என்று நான் வாதிடவில்லை. கைதுக்கு உடன்பட மறுத்துத் திமிறுபவரைப் பிடிக்கவும், கலவரக் கூட்டத்தைக் கலைக்கவும் சட்டம் பலத்தை அனுமதிக்கிறது. அங்கே எழும் கேள்வி அளவைப் பற்றியது. 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் இறந்தபோது, அந்த அளவு மீறப்பட்டதா என்று இந்த மாவட்டமே கேட்டது. விசாரணை ஆணையம் சூட்டை நியாயப்படுத்தியதை இன்றும் ஏற்க முடியாதவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஒருவர் பிடிபட்டு, நிலையத்துக்குள் உட்கார வைக்கப்பட்ட பிறகு அளவு என்ற பேச்சுக்கே இடமில்லை. வாக்குமூலம் பெறுவதற்காகக் காயப்படுத்துவது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரையும், கொடுங்காயமானால் பத்து ஆண்டு வரையும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். காவலர் பயிற்சியில் இந்த வேறுபாடு மனதில் பதியும்படி கற்பிக்கப்பட வேண்டும். லத்தியை எப்படிப் பிடிப்பது என்பதைக் காட்டிலும், எந்த வாசலைத் தாண்டிய பிறகு அதைத் தொடக் கூடாது என்பதே முதல் பாடமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

காவலில் நடக்கும் மரணங்கள் பற்றிய டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின்படி, கைதானவர் கேட்டால் அவர் உடலில் உள்ள காயங்கள் அப்போதே பரிசோதனைக் குறிப்பில் பதியப்பட்டு, அவரும் காவல் அதிகாரியும் கையொப்பமிட வேண்டும். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். கேட்க வேண்டும் என்பதே தெரியாத பையனுக்கு இந்த நெறிகளால் என்ன பயன்? 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனுமான ஜெயராஜும் பென்னிக்ஸும் தாக்கப்பட்ட பிறகும், மருத்துவச் சான்றும் நீதிமன்றக் காவல் உத்தரவும் கிடைத்துத்தான் கோவில்பட்டி கிளைச் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அடித்தவர்கள் ஒருபுறம் இருக்க, தடுத்திருக்கக்கூடிய மருத்துவமனை, நீதிமன்றம் என்ற இரண்டு இடங்களிலும் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பரிசோதனை அறையில் காவலர்கள் காதுக்கெட்டாத தொலைவில் நிற்பது கட்டாயமானால், அந்த இரண்டு இடங்களில் ஒன்றாவது திறக்கும்.

சாத்தான்குளம் நிலையத்தின் கேமராப் பதிவுகள் அன்றன்றே அழியும்படி வைக்கப்பட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. அதே ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமராக்கள் வேண்டும், பதிவுகளை 18 மாதங்கள், இயலாவிட்டால் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மனித உரிமை ஆணையத்திடம் முறையிடுவதற்கும் சம்பவத்திலிருந்து ஓராண்டுதான் காலம். எட்டு மாதங்கள் போய்விட்டன. "வேண்டாம் அண்ணே, மறுபடியும் கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க" என்று இத்தனை நாள் தயங்கிய அவன் தாய், கடந்த திங்களன்று புகாரில் கைரேகை வைத்தார். அந்த இரவின் பதிவை வரவழைத்துப் பார்க்கும்படி கேட்டு, பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம்.