ஒருமுறை அடிச்சுக் காட்டுங்கய்யா

நுரையீரல் மறுவாழ்வுப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்த புதிதில், நான் கேட்ட முதல் கேள்வியே தப்பு. "இன்ஹேலர் ஒழுங்கா எடுக்கிறீங்களா?" என்பேன். "எடுக்கிறேன்" என்பார்கள். சரி என்று குறித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய்கள் சுருங்கி மூச்சு வாங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள ஒரு பெரியவரிடமும் மூன்று தடவை அப்படித்தான் கேட்டேன். இரண்டு வருடமாக மருந்து எடுத்தும் அவருக்கு இரைப்பு குறையவில்லை. நான்காம் தடவை, "ஒருமுறை அடிச்சுக் காட்டுங்கய்யா" என்றேன். மூச்சை ஆழமாக இழுத்து முடித்தார், அப்புறம் அழுத்தினார். வாயோரமாக மருந்து வெள்ளைப் புகையாய் வெளியே போனது. அவர் பொய் சொல்லவில்லை. யாரும் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து.

இன்ஹேலரில் ஸ்பேசர் மாட்டிக் கொடுத்தேன்; மருந்துப் புகையைப் பிடித்து வைக்கும் குழாய் அது. முதலில் மூச்சை வெளியே விடுவது, அழுத்தியதும் மெதுவாக இழுப்பது, 10 விநாடி அடக்குவது, ஸ்டீராய்டு கலந்த மருந்து என்பதால் முடிந்ததும் வாய் கொப்பளிப்பது. நாலைந்து தடவையில் பிடிபட்டுவிட்டது.

ஆனால் அவருடைய கவலை வேறு. "குளிச்சிட்டு வந்தா அரை மணி நேரம் படுக்க வேண்டியிருக்கு தம்பி." எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கச் சொன்னேன். கையைத் தூக்கும்போது உதட்டைக் குவித்து மெல்ல ஊத வேண்டும். இந்த நோயில் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரும்பாடு. குவித்து ஊதினால் மூச்சுக்குழாய்கள் சட்டென்று மூடிக்கொள்ளாது, தேங்கிய காற்று வெளியேறும்.

எங்கள் பிரிவின் எட்டு வார உடற்பயிற்சி முடிந்தபோது ஆறு நிமிட நடைச் சோதனையில் நிற்காமல் நடந்தார். ஊதச் சொல்லி நுரையீரலின் திறனைப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி அளவு மட்டும் அப்படியே இருந்தது. "அப்போ நுரையீரல் சரியாகலையா?" என்றார். "அது ஆகாதுய்யா. கால்தான் பழகியிருக்கு." முகம் கொஞ்சம் வாடியது. அதற்காகப் பொய் சொல்ல முடியுமா?

இடையில் ஒருமுறை சளி நிறம் மாறி, இரைப்பு கூடியும் நாலு நாள் பேசாமல் இருந்து, கடைசியில் அட்மிட் ஆனார். எங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று நினைத்தாராம். சளியின் நிறம், அளவு, இரைப்பு, இதில் எது மாறினாலும் அன்றைக்கே கூப்பிட வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

போன மாதம் காலை ஏழு மணிக்கு போன். "தம்பி, சளி மஞ்சளா வருது. ரெண்டு நாள் பார்க்கலாம்னுதான் நினைச்சேன். அப்புறம் உங்க சீட்டு கண்ணுல பட்டுச்சு."