வாழையை யார் எண்ணுவது?

நேற்று களக்காடு பக்கம் ஓர் அடிவாரக் கிராமத்தில் கூட்டம். புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர். எங்கள் காட்டுயிர்ப் பாதுகாப்புத் திட்டப் படிவத்தில் 'நடத்திய கூட்டங்கள், நட்ட கன்றுகள்' என்று கட்டங்கள் உண்டு. அதை நிரப்பத்தான் நான் போயிருந்தேன். பாதிப் பேச்சில் ஒரு பெரியவர் எழுந்தார்.

"தம்பி, காட்டுக்குள்ள என்னென்ன இருக்குன்னு எண்ணுதிய, சரி. ராத்திரி பன்னி சாய்ச்ச ஏத்தன் வாழைய எவன் எண்ணுதான்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புறம் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். குலை தள்ளும் பருவத்து வாழை. கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டு அப்படியே சாய்த்துப் போட்டிருந்தது. இழப்பீட்டுக்கு மனு கொடுத்த நாளிலிருந்து தினக் காலண்டரில் சுழி போட்டு வருகிறார். எங்கள் படிவத்தைவிட அது ஒழுங்கு.

நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1994-ல் பறவைகள் சரணாலயம், 2022-ல் ராம்சர் தலம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம், என்று அறிவிப்பு. குளத்தில் தண்ணீர் குறைந்த வருடம் பறவை எண்ணிக்கை விழும். அதற்கு ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்களே, அதை எந்தக் கட்டத்தில் எழுத?

படிவத்தில் இரண்டு கட்டங்களைக் கையால் வரைந்து சேர்த்துவிட்டேன். மனு கொடுத்துப் பணம் கைக்கு வர எத்தனை நாள்? போன வருடம் நட்டதில் எத்தனை கன்று உயிரோடு இருக்கிறது? இரண்டாவதை எண்ணும்போது வெட்கமாக இருந்தது. ஆடு மேய்ந்ததுபோக மிச்சம் பாதிகூட இல்லை.

கிளம்பும்போது பெரியவர் ஒரு சீப்புப் பழம் கொடுத்தார். "இதையும் எழுதிக்கிடுங்க" என்றார்.