நடுவானில் எரிபொருள் நிரப்பும் கணக்கு: நான் படித்த விதம்

ஆபரேஷன்ஸ் ரிசர்ச் தேர்வுக்கோ அல்காரிதம் நேர்காணலுக்கோ தயாராகிறவர்கள் இந்தக் கணக்கை விடையைப் பார்க்காமல் ஒரு முறையாவது போட்டுப் பாருங்கள். ஒரே மாதிரியான 3 விமானங்கள், ஒரே விமான நிலையம், டேங்க் முழுக்க நிரப்பினாலும் உலகை அரைச் சுற்றுதான் வரமுடியும். நடுவானில் ஒன்றுக்கொன்று எரிபொருள் கொடுக்கலாம், நிலையத்துக்குத் திரும்பி மறுபடி நிரப்பிக்கொண்டும் கிளம்பலாம். ஒன்று முழுச் சுற்று முடிக்க வேண்டும், மற்ற இரண்டும் பத்திரமாகத் திரும்ப வேண்டும்.

எனக்குப் பிடி கிடைத்தது ஒரே கேள்வியில்தான்: கொடுக்கிற விமானம் எந்த இடத்தில் கொடுக்க வேண்டும்? சீக்கிரம் கொடுத்தால் வாங்குபவரின் டேங்கில் இடமிருக்காது, தாமதித்தால் கொடுப்பவரே வீணாக எரித்துத் தீர்த்துவிடுவார். அதனால் தன் திரும்பும் பங்கை வைத்துக்கொண்டு மீதியை ஊற்ற, மற்றவற்றில் சரியாக இடம் உண்டாகும் இடமே சரியான இடம். சுற்றில் 1/8 தூரத்தில் ஒவ்வொன்றும் கால் டேங்க் எரித்திருக்கும்; மூன்றாவது விமானம் மற்ற இரண்டுக்கும் கால் கால் டேங்க் கொடுத்துவிட்டு மீதிக் காலில் திரும்பும். 1/4 தூரத்தில் இரண்டாவது, முதலாவதுக்குக் கால் டேங்க் தந்து திரும்பும். நிறைந்த டேங்கோடு முதலாவது 3/4 தூரம் வரை போய்விடும், நிலையத்தில் மறுபடி டேங்க் நிரப்பிக்கொண்டு எதிர்த்திசையில் அங்கே இரண்டாவதும் 7/8-இல் மூன்றாவதும் வந்து கால் கால் டேங்க் கொடுத்துக் காப்பாற்றும். மொத்தம் 5 டேங்க். மூன்றும் பறந்த தூரத்தைக் கூட்டினால் இரண்டரைச் சுற்று வரும், அதுவும் 5 டேங்க்தான். இந்தச் சரிபார்ப்பை விடைத்தாளில் எழுதாமல் விடாதீர்கள்.

எந்த விமானமும் திரும்ப வேண்டாம், பல விமானங்கள் உதவினால் ஒன்று எத்தனை டேங்க் தூரம் போகும் என்று மட்டும் கேட்டால், விமானத்துக்கு ஒரு உறுப்பாக விடை 1 + 1/2 + 1/3 என்று நீளும். அந்தத் தொடர் எவ்வளவு மெதுவாக வளர்கிறது என்று கவனியுங்கள்: 2 டேங்க் தூரத்தைத் தாண்ட 4 விமானம் போதும், 3-ஐத் தாண்ட 11, 4-ஐத் தாண்ட 31!

அப்புறம், நிஜத்தில் இது எப்படி நடந்தது என்பதற்கு பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த 1982 ஃபாக்லாந்து போரில், பிரிட்டன் நடத்திய முதல் பிளாக் பக் விமானத் தாக்குதலைப் படியுங்கள். அட்லாண்டிக் கடலில் உள்ள அசென்ஷன் தீவிலிருந்து 6,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஃபாக்லாந்தின் ஸ்டான்லி ஓடுதளத்துக்கு ஒரே ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானத்தைக் கொண்டுபோக 11 விக்டர் டேங்கர்கள் (நடுவானில் எரிபொருள் கொடுக்கும் விமானங்கள்) கிளம்பின. டேங்கர்களே ஒன்றுக்கொன்று நிரப்பிக்கொண்டன. வல்கன் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் குடித்தது, ஒரு விக்டரின் எரிபொருள் குழாய் முனை நிரப்பும்போதே உடைந்தது, கடைசி டேங்கர் தன் திரும்பும் பங்கிலிருந்தும் கொடுத்துவிட்டதால் அதைக் காப்பாற்ற இன்னொரு டேங்கர் போக வேண்டியிருந்தது.

இதைப் படித்தபின் முதல் கணக்குக்கே திரும்பிப் போங்கள். அதில் மூன்று விமானங்களும் காலி டேங்கோடுதான் தரையிறங்குகின்றன, ஒரு சொட்டுக்கூடக் கையிருப்பில்லை. டேங்கில் 10% எப்போதும் மிச்சம் இருக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்து, இப்போது எத்தனை விமானங்கள் வேண்டும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.