குரங்குக் காய்ச்சலும் காட்டு உண்ணியும்: ஒரு பருவத்தின் கண்காணிப்புக் குறிப்புகள்

டிசம்பர் 2

மழை ஓய்ந்து சருகு காயத் தொடங்கிவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுப் பாதைகளில் ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா உண்ணியின் லார்வாக்கள் (முட்டையிலிருந்து வந்த முதல் பருவக் குஞ்சுகள்) இலை நுனிகளில் கொத்தாகத் தெரியும் நேரம் இது. ஆனால் நாம் காத்திருப்பது அடுத்த பருவமான நிம்ஃபுக்கு. 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் வைரஸ், 2012-க்குப் பிறகு பந்திப்பூர், முதுமலை, வயநாடு, கோவா என்று பல இடங்களில் தென்பட்டது. மனிதருக்கு அதைக் கொண்டுவருவது பெரும்பாலும் கடுகளவே உள்ள இந்த நிம்ஃப்தான்.

காரணம் எளிது. தாய் உண்ணியிலிருந்து முட்டை வழியாக வைரஸ் இறங்குவது அரிது. லார்வா, நோயுற்ற குரங்கையோ எலியையோ கடிக்கும்போதுதான் அதை வாங்குகிறது. தோலுரித்து நிம்ஃபான பிறகும் வைரஸ் உள்ளேயே இருக்கிறது. ஆகவே லார்வாக்களை ஆயிரக்கணக்கில் அரைத்துப் பார்ப்பது பெரும்பாலும் வேதிப்பொருள் விரயம். எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டால் போதும்.

டிசம்பர் 4

உண்ணி பிடிக்கத் தரையிலும் புதரிலும் இழுக்கும் துணி பற்றி. வெள்ளை ஃப்ளானல், 1 மீட்டருக்கு 1 மீட்டர், ஒரு ஓரத்தில் கம்பு. வழவழப்பான துணியில் உண்ணியின் கால் பிடிக்காது. கீழ் ஓரத்தில் கனம் கட்டாவிட்டால் துணி புதர் மேலேயே மிதந்து போகும். சருகின் மேல் இருப்பவை தப்பிவிடும்.

10 மீட்டருக்கு ஒருமுறை நின்று துணியின் இரு பக்கமும் பார்க்க வேண்டும். ஏறிய உண்ணி அப்படியே உட்கார்ந்திருக்காது, முள்ளில் உரசி உதிர்ந்துவிடும். 50 மீட்டர் இழுத்துவிட்டு எண்ணினால் வருவது உண்ணியின் அடர்த்தி அல்ல, துணியின் ஞாபகசக்தி.

இழுத்த தூரத்தை எழுதாத எண்ணிக்கை பயன்படாது. 1 மீட்டர் அகலத் துணியை 100 மீட்டர் இழுத்தால் 100 சதுர மீட்டர். அடர் புதரில் இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே ஒரு ஆள் ஒரு மணி நேரம் துணியைப் புதர் மேல் வீசியதில் எத்தனை என்று எழுதலாம். ஆனால் ஒரே இடத்தில் ஒரு மாதம் ஒன்று, மறுமாதம் மற்றொன்று என்று மாற்றக் கூடாது.

டிசம்பர் 5

பனி காயவில்லை. ஈரத் துணியில் உண்ணி ஏறாது. வேலை இல்லை.

டிசம்பர் 11

துணியில் உண்ணி ஏறியதும் சுருண்டு செத்துவிடுகிறது என்றால் முதலில் கையைப் பாருங்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து தெளித்த சட்டையோடு துணியைச் சுருட்டி ஒரே பையில் வைப்பதும், உண்ணி விரட்டும் எண்ணெய் தடவிய கையால் துணியைப் பிடிப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு. ஆடைக்கு ஒரு பை, துணிக்கு வேறு பை. எண்ணெய் உடம்புக்குப் பூசலாம், விரல்களுக்கு வேண்டாம். கால்சட்டையைக் காலுறைக்குள் திணித்து மேலே ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி டேப் சுற்றினால், மேலே ஏறுபவை அதிலேயே சிக்கிக்கொள்ளும்.

ஜனவரி 7

குரங்கு இறந்த இடம். உடலை யாரும் தொடக் கூடாது. உரிய பாதுகாப்பு உடையோடு கால்நடை மருத்துவர் வந்து மாதிரி எடுக்கட்டும். உடல் குளிரக் குளிர அதில் ஒட்டியிருந்த உண்ணிகள் இறங்கிச் சுற்றிலும் பரவும். சுமார் 50 அடி ஆரத்துக்கு மாலத்தியான் பூச்சிக்கொல்லித் தூள் தூவுவது இதனால்தான். துணி இழுப்பதென்றால் தூவுவதற்கு முன்பே இழுக்க வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ரத்தம் குடித்து நிறைந்து விழுந்த உண்ணி புல் நுனியில் ஏறி நிற்காது. சருகுக்கடியில் பதுங்கித் தோலுரிக்கும். அன்றைக்குத் துணியில் வருபவை பசியோடு இருப்பவை மட்டுமே. ‘இறந்த இடத்திலும் உண்ணியில் வைரஸ் இல்லை’ என்று அன்றே எழுதிவிட்டால் ஏமாற்றம்தான். சில வாரம் கழித்து அதே இடத்தில் மீண்டும் இழுங்கள். தூவிய மருந்து வேலை செய்ததா என்பதும் அப்போதுதான் தெரியும்.

ஜனவரி 8

குப்பிக்குள் ஈரமான ஒரு துண்டுத் தாள், வெளியே ஐஸ் பேக். உண்ணி உயிரோடு ஆய்வகம் வர வேண்டும். ஆல்கஹாலில் போட்டுவிட்டால் இனம் காணலாம், ஆனால் வைரஸை உயிரோடு வளர்த்தெடுக்க முடியாது. லேபிளைப் பென்சிலில் எழுதுங்கள். பேனா மையை ஆல்கஹால் கரைத்துவிடும்.

குளிர்ந்த தட்டில் வைத்து நுண்ணோக்கியில் பிரிப்பு: லார்வாவுக்கு 6 கால், நிம்ஃபுக்கு 8. நிம்ஃபில் இனப்பெருக்கத் துளை இருக்காது, முதிர்ந்த உண்ணியில் இருக்கும். இனம், பருவம், இடம், தேதி நான்கும் ஒன்றாக இருப்பவை மட்டுமே ஒரு பூலில் (ஒன்றாக அரைத்துச் சோதிக்கும் தொகுப்பில்) சேரும். நிம்ஃப் என்றால் 25 வரை வைக்கிறோம், முதிர்ந்தவை 5.

மாட்டிலிருந்து பிடுங்கிய, ரத்தம் நிறைந்த உண்ணியைத் தனியாகவே சோதிக்க வேண்டும். ரத்தம் பிசிஆர் (மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) வினையைத் தடுக்கும். அதைவிட முக்கியம், விலங்கின் ரத்தத்தில் இருந்த வைரஸை உண்ணி குடித்திருக்கிறதா, உண்ணியே தொற்றுக்கு ஆளாகியிருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பசியோடு துணியில் ஏறிய நிம்ஃபின் சாட்சிதான் வலுவானது.

ஜனவரி 12

அரைக்கும் நாள். இந்த வைரஸுக்குக் குறைந்தது உயிரியல் பாதுகாப்பு 3-ஆம் நிலை ஆய்வகம் வேண்டும். அது இல்லாதவர்கள் இந்த இடத்தில் நின்றுகொள்ள வேண்டும்.

திருகுமூடிக் குழாய், எஃகு மணி, குளிர்ந்த ஊடகம். 30 விநாடி அரைப்பு, பிறகு ஐஸில் ஓய்வு, மீண்டும் 30 விநாடி. தொடர்ந்து ஓட்டினால் சூடேறி வைரஸ் செத்துவிடும். −80 டிகிரியிலிருந்து எடுத்த குழாயை உடனே இயந்திரத்தில் வைத்தால் பிளாஸ்டிக் விரிசல் விடலாம். அரைத்து முடித்ததும் திறக்காதீர்கள். உள்ளே நுண்துளிகள் மிதந்துகொண்டிருக்கும். 10 நிமிடமாவது அடங்க விட்டு, பாதுகாப்பு அலமாரிக்குள் வைத்துத் திறக்க வேண்டும்.

அரைத்த கலவையின் மேலே தெளிந்து நிற்கும் நீரில் ஒரு பங்கை −80-இல் வைத்துவிட்டு, மறுபங்கை மட்டும் குவானிடின் கலந்த லைசிஸ் பஃபரில் (வைரஸை உடைத்து ஆர்என்ஏவை வெளியே விடும் திரவத்தில்) சேர்க்கவும். அந்தக் கழிவின் மேல் ப்ளீச் ஊற்றக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். புதியவர்கள் சுத்தம் செய்யும் ஆர்வத்தில் இதைத்தான் முதலில் செய்வார்கள்.

ஜனவரி 13

வைரஸின் என்எஸ்5 மரபணுவைத் தேடும் பிசிஆர். கூடவே உண்ணியின் சொந்த 16எஸ் ஆர்என்ஏவையும் பார்க்கிறோம். அதுவே வரவில்லை என்றால் ‘நெகட்டிவ்’ என்று எழுத உரிமை இல்லை. 10 மடங்கு நீர்த்து மீண்டும் ஓட்ட வேண்டும். நீர்த்த பின் வந்தால், தடுத்தது ரத்தமோ மேலோட்டின் கசடோதான்.

பிசிஆரில் 35-ஆம் சுழற்சிக்கு மேல் எழும் கோடுகளை நம்பாதீர்கள். ஆர்என்ஏ பிரிப்பிலிருந்தே தொடங்கி மறுசோதனை செய்யுங்கள். பெரும்பாலும் குற்றவாளி, ஒப்பிட்டுப் பார்க்க நாமே வைக்கும் பாசிட்டிவ் கன்ட்ரோலிலிருந்து கலந்த துளிதான்.

ஜனவரி 20

கணக்கு. எடுத்துக்காட்டாக, 25 நிம்ஃப் வீதம் 40 பூல், மொத்தம் 1000. அதில் 2 பூல் பாசிட்டிவ் என்றால், குறைந்தபட்சத் தொற்று வீதம் ஆயிரத்துக்கு 2. பூல் அளவை வைத்துத் திருத்திக் கணக்கிட்டால் 2.05, வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆனால் 20 பூல் பாசிட்டிவ் என்றால் முதல் முறை 20 என்றும், திருத்திய முறை சுமார் 27 என்றும் சொல்லும். ஒரு பூலில் ஒரே உண்ணிக்குத்தான் தொற்று என்ற அனுமானம் அங்கே உடைந்துவிடுகிறது.

ஒன்றுமே வரவில்லையா? 1000-இல் பூஜ்யம் என்றால் ஆயிரத்துக்கு 3 வரை இருக்க இன்னும் இடமுண்டு. 100-இல் பூஜ்யம் என்றால் நூற்றுக்கு 3 வரை. அறிக்கையில் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே இந்த மேல் வரம்பையும் எழுதுங்கள்.

பிப்ரவரி 3

உண்ணியால் பரவும் மற்றொரு வைரஸ் நோயான கிரிமியன்-காங்கோ காய்ச்சலுக்கும் இதே துணி போதுமா என்ற கேள்வி. போதாது. அதைச் சுமக்கும் ஹையலோமா உண்ணி பல நேரம் புல்லில் காத்திருக்காது, தரையில் ஓடி இரையைத் துரத்தும். உலர்பனிக்கட்டியின் கரியமில வாயுவால் ஈர்க்கலாம், இல்லையேல் மாட்டு உடலில்தான் தேட வேண்டும். அப்போது ஜனவரி 8-இல் எழுதிய ரத்தச் சிக்கல் முழுதாகத் திரும்பி வரும்.